இன்டர் எழுதியாச்சு, ரிசல்ட் வரலை: நடுவில் உள்ள இரண்டு மாதத்துக்கு எந்த வழி நல்லது?

மே மாதம் சிஏ (ஆடிட்டர்) படிப்பின் இரண்டாம் கட்டமான இன்டர் எழுதினால் ரிசல்ட் ஜூலையில் வருகிறது. 2024இல் ஜூலை 11, 2025இல் ஜூலை 6. செப்டம்பர் அட்டெம்ப்ட்டோ மாதம் பிறந்த கையோடு ஆரம்பித்துவிடுகிறது. 2025இல் இன்டரின் முதல் தாள் செப்டம்பர் 4. கடைசிப் பரீட்சை எழுதிய நாளிலிருந்து அடுத்த அட்டெம்ப்ட்டின் முதல் பரீட்சை வரை கிடைக்கும் நாட்களில் ஏறக்குறைய பாதி, பாஸா ஃபெயிலா என்று தெரியாமலே கரைந்துவிடுகிறது.

பழைய மாணவர்களுக்கு இந்த நெருக்கடி இல்லை. மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டே தேர்வு இருந்த காலத்தில், ரிசல்ட் பார்த்து, அழுது, முகம் கழுவி உட்கார்ந்தாலும் மூன்று மாதம் மிஞ்சும். 2024இலிருந்து முதல் கட்டமான ஃபவுண்டேஷனும் இன்டரும் ஆண்டுக்கு மூன்று முறை ஆகிவிட்டன. அதனால், "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அந்தக் கால சீனியர்கள் சொல்லும் யோசனை இன்றைக்குச் செல்லாது.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு மே மாதமும் கேட்பது இதைத்தான். நம் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) இருந்து சிஏவுக்குப் போகிறவர்களுக்கு முன்னால் ஐந்து வழிகள் கிடக்கின்றன: சும்மா இருப்பது, மறுபடி புத்தகத்தைத் திறப்பது, ஐசிஐடிஎஸ்எஸ் என்ற நான்கு வாரக் கணினி, ஓரியண்டேஷன் பயிற்சியை முடித்து வைப்பது, ஏதாவது ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்காருவது, ஏசிசிஏ (பிரிட்டனின் கணக்கியல் தகுதி) மாதிரி வேறொரு பரீட்சைக்குத் தாவுவது. ஐந்தும் ஒரே எடை இல்லை. ரிசல்ட் எந்தப் பக்கம் விழுந்தாலும் வீணாகாத வேலை எது என்பதை வைத்துத்தான் நான் இவற்றை எடை போடுகிறேன். மனசு எவ்வளவு நம்பிக்கையாக இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுத்தால், நல்லா எழுதிய பிள்ளை பயந்துகொண்டு படிக்கும், சுமாராக எழுதிய பிள்ளை கொடைக்கானல் போகும்.

முதலில் மார்க் கணக்கு

ஒரு நாள் உட்கார்ந்து ஆறு தாளுக்கும் நீங்களே மார்க் போட வேண்டும். பார்க்க வேண்டியது மூன்று எண்கள். தாளுக்குக் குறைந்தது 40. ஒரு குரூப்பின் மூன்று தாளும் சேர்த்து 300க்கு 150. அந்தக் குரூப் போனாலும் ஒரு தாளில் 60 இருந்தால் அந்தத் தாளுக்கு எக்ஸெம்ஷன். அடுத்த மூன்று அட்டெம்ப்ட்டுக்கு அதை மறுபடி எழுத வேண்டாம்.

இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு குரூப்பில் மிஞ்சும் மார்க் இன்னொன்றின் குறையை அடைக்கும். முதல் குரூப்பில் 42, 41, 55 என்று 138தான் வருகிறது, இரண்டாவதில் 60, 62, 48 என்று 170 வருகிறது என்று வையுங்கள். மொத்தம் 308, எல்லாத் தாளிலும் 40 தாண்டியாச்சு, இரண்டும் பாஸ். இதே ஆளுக்கு அந்த 41 மட்டும் 39 ஆனால் முதல் குரூப் போச்சு, இரண்டாவது மட்டும் நிற்கும். ஆகவே கணக்குப் போடும்போது மொத்தத்தைப் பார்த்து ஏமாறாமல், எந்தத் தாள் 40க்குக் கீழே சறுக்கும் என்று தேடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றோ இரண்டோ தாள்தான். எது என்று மனசுக்கும் தெரியும்.

ஒவ்வொரு தாளிலும் 30 மார்க் எம்சிக்யூ (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி), 70 மார்க் எழுத்து. இன்டரில் எம்சிக்யூவுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது என்பதால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருப்பார்கள். கணக்கில் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சேருங்கள். எழுத்துப் பகுதியில், சட்டத்துக்கும் ஆடிட்டிங்குக்கும், எழுதிய கேள்விகளின் மார்க்கில் பாதிக்கு மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். பக்கம் நிறைய எழுதினேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. அக்கவுண்ட்ஸில் மட்டும் ஸ்டெப் மார்க் உண்டு என்பதால் கொஞ்சம் தாராளமாகப் போடலாம்.

கடுமையாகத்தான் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. 2025 மே இன்டரில் முதல் குரூப் எழுதியவர்களில் தேறியது 14.67 விழுக்காடு, இரண்டாம் குரூப்பில் 21.51, இரண்டையும் சேர்த்து எழுதியவர்களில் 13.22. அதே ஆண்டு செப்டம்பரில் முதல் குரூப் 9.43க்கு இறங்கியது, இரண்டாவது 27.14க்கு ஏறியது. நூறு பேர் எழுதினால் ஏறக்குறைய எண்பது பேர் திரும்பவும் ஏதோ ஒன்றை எழுதப் போகிறார்கள். அந்த எண்பதில் நான் இருக்க மாட்டேன் என்று எல்லோரும் நினைப்பது இயல்பு. திட்டம் போடும்போது அப்படி நினைக்கக் கூடாது.

ரிசல்ட் வந்தபின் மறுமதிப்பீடு கேட்டு மேலே வந்துவிடலாம் என்று சிலர் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். சிஏ தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட் தருவது சரிபார்ப்பு மட்டுமே: கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை உண்டா என்று பார்ப்பார்கள். விடையைப் படித்து மறுபடி மார்க் போடுவது கிடையாது. அதை ஒரு வழியாக எண்ண வேண்டாம்.

மறுபடி புத்தகம்

"பாஸாயிட்டா படிச்சது வேஸ்ட்டுங்களே" என்பதுதான் இந்த வழிக்கு எதிரான ஒரே வாதம். பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் அது பாதிக்கு மேல் தவறு என்று தெரியும்.

2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இன்டருக்கும் ஃபைனலுக்கும் ஆறு ஆறு தாள். இன்டரின் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் ஃபைனலில் ஃபைனான்சியல் ரிப்போர்ட்டிங் ஆகிறது. ஒரே தாளாக இருந்த டாக்ஸேஷன் அங்கே நேரடி வரி, மறைமுக வரி என்று இரண்டு தாளாகப் பிரிகிறது. ஆடிட்டிங் மறுபடி ஆடிட்டிங்காகவே வருகிறது. ஃபைனான்சியல் மேனேஜ்மென்ட்டும் அப்படியே. சட்டமும் காஸ்டிங்கும் மட்டும் தனித் தாள்களாக ஃபைனல் தேர்வு அறையை விட்டு வெளியே போய், ஆன்லைனில் தானே படித்து எழுதும் மாட்யூல்களில் உட்கார்ந்துவிட்டன. சட்டம் செட் ஏ, காஸ்ட் செட் பி.

ஆக, இந்த இரண்டு மாதத்தில் அக்கவுண்ட்ஸ், டாக்ஸ், ஆடிட், எஃப்எம் நான்கையும் தொட்டால் எந்த ரிசல்ட்டிலும் நஷ்டமில்லை. ஃபெயிலானால் செப்டம்பருக்கு உதவும். பாஸானால் ஃபைனல் புத்தகத்தைத் திறக்கும்போது அந்நியமாக இருக்காது. அக்கவுண்ட்ஸில் ஒரு சின்ன வித்தியாசம்: இன்டரில் பழைய கணக்குத் தரங்களான ஏஎஸ், ஃபைனலில் சர்வதேச முறையை ஒட்டிய இண்ட் ஏஎஸ். ஆனாலும் கன்சாலிடேஷன் (தாய், துணைக் கம்பெனிகளின் கணக்கை ஒன்றாக்குவது) ஒருமுறை கைக்குப் பழகியவர்களுக்கு அங்கே பாதிக் கஷ்டம் குறையும்.

டாக்ஸில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் தலைமுறைக்கு இது தலைவலி. எந்த அட்டெம்ப்ட்டுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரைக்குமான திருத்தம் என்று இன்ஸ்டிட்யூட் தன் தளத்தில் போடும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் டாக்ஸ் புத்தகத்தைத் தொட வேண்டும். அண்ணன் எழுதிய நோட்ஸ், போன வருஷ வீடியோ இரண்டையும் நம்பி மாதக்கணக்கில் படித்துவிட்டு, கடைசியில் சட்டமே வேறு என்று தெரிந்தால் அதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

சட்டத் தாள் ஃபைனலுக்கு நேராகப் போகாது என்றேன். ஆனாலும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். காரணம் மொழி.

சிஏ தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. அங்கே படித்துவிட்டு பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து வருகிற பிள்ளைக்கு அக்கவுண்ட்ஸ் பெரிய தடை இல்லை, எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான். தடை வருவது சட்டத்திலும் ஆடிட்டிங்கிலும். விஷயம் தெரியும், கேட்டால் தமிழில் பளிச்சென்று சொல்லும், பேப்பரில் மூன்று வரிக்கு மேல் ஓடாது. கோச்சிங்கோ சென்னை ஆசிரியரிடம் தமிழும் ஆங்கிலமும் கலந்து, கொச்சி ஆசிரியரிடம் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து, யூடியூபில் இந்தி கலந்து. காதில் விழுவது மூன்று கலவை, எழுத வேண்டியது நான்காவது ஒன்று.

இதற்கு மருந்து எழுதுவதுதான், படிப்பதில்லை. சட்டக் கேள்விக்கு விடை மூன்று துண்டு: சட்டம் என்ன சொல்கிறது, இந்த வழக்கில் நடந்தது அதோடு எப்படிப் பொருந்துகிறது, ஆகவே முடிவு என்ன. இந்த மூன்றையும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் தினம் நான்கு கேள்விக்கு எழுதிப் பழகினால் இரண்டு மாதத்தில் கை ஓடும். ஆடிட்டிங்கிலும் அப்படியே. எஸ்ஏ (ஆடிட்டிங் ஸ்டாண்டர்ட்) 230 என்றால் ஆவணப்படுத்தல், 500 என்றால் சான்று, 505 என்றால் வெளியாரிடம் வாங்கும் உறுதிப்படுத்தல் என்று எண்ணும் பொருளும் தெரிந்தால் போதாது. அந்த ஸ்டாண்டர்டின் வார்த்தைகளில் நான்கைந்தாவது விடையில் விழ வேண்டும். நல்ல விடைக்கு மாதிரி வேண்டுமென்றால் இன்ஸ்டிட்யூட்டின் பரிந்துரை விடைகள் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் நோட்ஸை விட எனக்கு அவற்றின் மேல் மதிப்பு அதிகம்.

பாஸானாலும் இந்தப் பழக்கம் வீணாகாது. ஆர்ட்டிகிள்ஷிப்பில் (ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சி) வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் எழுதச் சொன்னால் முழிக்காமல் எழுதலாம்.

ஐசிஐடிஎஸ்எஸ்

இதை எல்லோரும் "அப்புறம் பண்ணிக்கலாம்" பட்டியலில் போட்டு வைத்திருப்பார்கள். கணினிப் பயிற்சி 15 நாள், ஓரியண்டேஷன் 15 நாள், ஆக நான்கு வாரம். ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்கும் முன் இதை முடித்திருக்க வேண்டும். பாஸானாலும் ஃபெயிலானாலும் ஒரு நாள் செய்தே ஆக வேண்டியது என்பதால் நான் சொன்ன அளவுகோலில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

இதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. புதிய திட்டத்தில் இரண்டு குரூப்பும் பாஸான பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப். அது இரண்டு ஆண்டு. அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல். ஜூலையில் ரிசல்ட் வந்த கையோடு ஒருவர் ஆபீஸில் சேர்கிறார், இன்னொருவர் அதன்பிறகு ஐசிஐடிஎஸ்எஸ்ஸுக்கு இடம் தேடி, நான்கு வாரம் முடித்து, செப்டம்பரில் சேர்கிறார் என்றால், இரண்டரை ஆண்டு கழித்து அந்த ஒன்றரை மாதம் ஒரு முழு அட்டெம்ப்ட்டாக வளர்ந்து நிற்கலாம். ரிசல்ட்டுக்குப் பிறகு பாஸானவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேட்ச் தேடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டிலும் கோவையிலும் இன்ஸ்டிட்யூட்டின் கிளைகள் இருக்கின்றன. எங்கே பேட்ச் முதலில் திறக்கிறதோ அங்கே சேருங்கள். ஊர் பார்க்க வேண்டாம். ஆனால் மார்க் கணக்கில் இரண்டு மூன்று தாள் 40க்குக் கீழே என்று வந்தவர்கள் இந்த நான்கு வாரத்தை இப்போது செலவழிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் எப்படியும் தள்ளித்தான் போகிறது.

ஆடிட்டர் ஆபீஸ்

இந்த வழியை நான் ரொம்ப விரும்புகிறேன், அதே அளவுக்குப் பயப்படவும் செய்கிறேன்.

விரும்புவதற்குக் காரணம் நம் ஊர் இருக்கும் இடம். ஜிஎஸ்டி புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்தும் புரியாத விஷயம் எல்லையோர ஆபீஸில் ஒரு வாரத்தில் புரியும். பொள்ளாச்சிக் கடைக்காரர் கொழிஞ்சாம்பாறைக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி). அதே சரக்கு பாலக்காட்டிலிருந்து வந்தால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் (மத்திய, மாநிலப் பங்குகள்). ஜிஎஸ்டி எண் 33இல் ஆரம்பித்தால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு). வேலந்தாவளம் மண்டியில் இறங்கும் பச்சைக் காய்கறிக்கு வரி இல்லை.

சுவாரஸ்யமானவை இதற்கு மேல்தான். ஒரே முதலாளிக்கு இரு பக்கமும் கிடங்கு இருக்கிறது, இரண்டு மாநிலத்திலும் பதிவு இருக்கிறது. தன் கோவைக் கிடங்கிலிருந்து தன் பாலக்காட்டுக் கிடங்குக்குச் சரக்கு அனுப்புகிறார். காசு கை மாறவில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு தனி நபர்கள்; வரி போட்டு இன்வாய்ஸ் எழுத வேண்டும். "என் சாமானை நானே எடுத்துட்டுப் போறதுக்கு எதுக்குங்க வரி?" என்று அவர் ஆபீஸில் வந்து சத்தம் போடுவார். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் தேர்வில் அந்தக் கேள்வியை விட மாட்டார். இன்னொன்று: கேரளப் பதிவுள்ள வியாபாரி கோவையில் லாட்ஜில் தங்கிவிட்டு வருகிறார். பில்லில் தமிழ்நாட்டு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இருக்கும். அந்தக் கிரெடிட்டை (கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) அவர் கேரளத்தில் எடுக்க முடியாது. வழங்கும் இடம் என்ற பாடம் இந்த ஒரு பில்லில் முடிந்துவிடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வாளையார் வரிச் சோதனைச்சாவடியின் லாரி வரிசை போனது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சோதனை இப்போது ஆபீஸ் கணினிக்குள் நடக்கிறது என்பது உள்ளே உட்கார்ந்தால்தான் தெரியும்.

மூணாறு, பீர்மேடு பக்கத்து ஆட்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. தேயிலையை வளர்த்துத் தயாரித்து விற்கும் வருமானத்தில் 40 விழுக்காடு தொழில் வருமானம், 60 விழுக்காடு விவசாயம் என்பது டாக்ஸ் தாளில் வழக்கமாக வரும் விஷயம். தோட்டத்துக் கணக்கு பார்க்கும் ஆபீஸில் இருந்தவருக்கு அது மனப்பாடம் தேவையில்லாத விஷயம்.

பயப்படுவதற்குக் காரணம் மாதத்தின் தேதிகள். பதினொன்றாம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனைக் கணக்கு), இருபதாம் தேதி 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). நடுவில் ஜூலை முழுக்க வருமான வரி ரிட்டர்ன். ஆபீஸுக்கு ஆள் வேண்டியிருப்பதே இந்த நெரிசலுக்குத்தான். "சும்மா கத்துக்க வாப்பா" என்று கூப்பிடுவார்கள், ஜூலை வந்தால் ராத்திரி ஒன்பது மணி வரை டாலி மென்பொருளில் என்ட்ரி. இந்த இரண்டு மாதம் ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் ஒரு நாள்கூடச் சேராது என்பதையும் மறக்க வேண்டாம். ரிசல்ட் வந்து ஃபெயில் என்றால் அதே வாரத்தில் ஆபீஸை விட்டு வெளியே வருவதும் சுலபமில்லை. நன்றி, மரியாதை, "இந்த மாசம் மட்டும் இருந்துட்டுப் போ கண்ணு" எல்லாம் வந்து நிற்கும்.

ஆகவே போவதென்றால் அரை நாள், ஜூன் மாதம் மட்டும், ஜிஎஸ்டி வேலை மட்டும் என்று முதல் நாளே வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆபீஸ் உங்களுக்கான ஆபீஸ் இல்லை. வீட்டில் காசு தேவை என்றால் பேச்சு வேறு. அப்போது முழுநாள் வேலைக்குப் போங்கள், செப்டம்பரில் ஒரு குரூப் மட்டும் எழுதுங்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

வேறு பரீட்சை

கோவையிலும் திருச்சூரிலும் கொச்சியிலும் பேருந்தில் போனால் சாலையோரப் பலகைகளில் ஏசிசிஏ, அமெரிக்க சிஎம்ஏ என்று சிரித்த முகங்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மனசு அந்தப் பலகையைப் பார்த்துச் சபலப்படுவது சகஜம்.

ஏசிசிஏ 13 தாள், தாளுக்கு 50 பாஸ் மார்க், பெரிய தாள்களுக்கு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பரில் தேர்வு. பி.காம் முடித்தவர்களுக்குச் சில தாள்களில் விலக்கு உண்டு. வளைகுடாவில் வேலை தேடும் எண்ணம் இருந்தால், கேரளத்து வீடுகளில் அந்த எண்ணம் இல்லாமல் இருக்காது, அது அர்த்தமுள்ள வழி. ஆனால் இந்தியாவில் ஒரு கம்பெனியின் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட 1949ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் வரும் சிஏதான் வேண்டும். சிஎஃப்ஏ முதலீட்டுத் துறைக்கு உரியது. ஒரு லெவலுக்கு 300 மணி நேரம் படிக்க வேண்டும் என்று அதை நடத்தும் அமைப்பே சொல்கிறது, கட்டணமும் டாலரில். நம் நாட்டு சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) பாடத்தில் சிஏவோடு நிறைய ஒத்துப்போகும்; ஆனால் அதன் தேர்வு ஜூன், டிசம்பரில் என்பதால் மே மாதம் இன்டர் எழுதிவிட்டு யோசிக்கும்போது ஜூன் பேருந்து ஏற்கனவே போய்விட்டிருக்கும்.

இந்த முடிவுகள் எல்லாம் மூன்று நான்கு ஆண்டுகளைத் தீர்மானிப்பவை. ரிசல்ட் தெரியாத பதற்றத்தில் பணம் கட்டிச் சேர்வது பயத்துக்குக் கட்டும் கட்டணம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு: பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம்மின் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வு. இரண்டு மணி நேரம், 50 விழுக்காடு எடுத்தால் போதும், ரிசல்ட் அங்கேயே திரையில் வந்துவிடும், சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். காத்துக் காத்துச் சலித்த மனசுக்கு, எழுதிய உடனே "பாஸ்" என்று பார்ப்பதே ஒரு ஆறுதல். ஒரு வாரத்துக்கு மேல் அதற்குக் கொடுக்க வேண்டாம்.

சும்மா இருப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரம், பத்து நாள் தூங்குங்கள், பழனி போய்விட்டு வாருங்கள். அதற்கு மேல் போனால் ஓய்வு இல்லை, வீட்டில் எல்லோரும் "எப்ப ரிசல்ட்டு?" என்று கேட்கும் தண்டனை.

வீடா, கோவையா

படிப்பதென்று முடிவானால் எங்கே என்ற கேள்வி வரும். வகுப்பெல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதால் காந்திபுரத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. தோப்பு வீட்டில் ஒரு அறையும் நல்ல இணைப்பும் இருந்தால் வீடே போதும். ஆனால் வீட்டில் இருக்கிற பிள்ளை "சும்மா இருக்கிற" பிள்ளை. தேங்காய் வெட்டு நாள், ஆள் கூலிக் கணக்கு, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் அதன் தலையில்தான் விழும். பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. இது தாங்காது என்றால் கோவை அல்லது பாலக்காட்டில் ஒரு ரீடிங் ரூமில் இடம் பிடித்துக் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். தினமும் போக வர இரண்டு மூன்று மணி நேரம் பேருந்தில் போகும்தான். அந்த நேரத்துக்கு எம்சிக்யூ வைத்துக்கொள்ளலாம். தங்கிப் படிக்கும் செலவை ரிசல்ட்டுக்குப் பின் தேவைப்பட்டால் செய்யுங்கள், முன்னால் வேண்டாம்.

யாருக்கு எது

என் தீர்ப்பு இது. ஆறு தாளிலும் கடுமையாகப் போட்டும் 45க்கு மேல் வருகிறது, மொத்தம் 300 தாண்டுகிறது என்றால் முதலில் ஐசிஐடிஎஸ்எஸ், மீதி நாளில் அரை நாள் ஆபீஸ். ஒன்றிரண்டு தாள் 40க்குப் பக்கத்தில் ஊசலாடுகிறது என்றால், பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிற்பார்கள், ஐசிஐடிஎஸ்எஸ்ஸும் வேண்டாம், ஆபீஸும் வேண்டாம். அந்தத் தாள் உள்ள குரூப்பை எடுத்து, அந்தத் தாளிலிருந்தே ஆரம்பித்து, ஜூலைக்குள் ஒரு முழுச் சுற்று முடியுங்கள். ரிசல்ட் பாஸ் என்று வந்தால் ஐசிஐடிஎஸ்எஸ்ஸால் ஒன்றரை மாதம் போகும். ஃபெயில் என்று வந்து படிக்காமல் இருந்தால் நான்கு மாதம் போகும். இரண்டில் சின்ன இழப்பை எடுங்கள். மூன்று தாளுக்கு மேல் போய்விட்டது என்று உங்களுக்கே தெரிந்தால், ஜூன் முதல் தேதியே செப்டம்பர் மாணவராகிவிடுங்கள், ஒரே ஒரு குரூப்புக்கு.

ரிசல்ட் பாதி வந்தாலும், அதாவது ஒரு குரூப் மட்டும் பாஸ் என்றாலும், ஆர்ட்டிகிள்ஷிப் கிடையாது என்பதால் மீதிக் குரூப்புக்குத்தான் முழு நேரமும். 60 வந்த தாள் இருந்தால் எக்ஸெம்ஷனை எடுத்துக்கொண்டு இரண்டு தாளோடு மோதலாம். ஆனால் அந்த 60 தான் குரூப்பின் மொத்தத்தைத் தூக்கும் என்பதால் மிச்ச இரண்டிலும் சேர்த்து 90 வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபாரம் நிரப்பும் நாட்கள் ரிசல்ட்டோடு ஒட்டியே வரும். 2025 செப்டம்பர் அட்டெம்ப்ட்டுக்கு ஜூலை 5 முதல் 18 வரை. ரிசல்ட் வந்ததோ 6ஆம் தேதி. துக்கம் கொண்டாட அவகாசமில்லை. அதில் தேர்வு மையம் கேட்கும் இடத்தில் பாலக்காடா கோவையா என்று யோசிக்காமல் போட்டுவிடாதீர்கள். 2025இல் இன்டர் முதல் தாள் வந்த செப்டம்பர் 4 உத்திராடம், மறுநாள் திருவோணம். இன்டர் தேர்வு மதியம் 2 மணிக்கு. உத்திராடத்தன்று பாலக்காட்டுக் கடைவீதியில் நடக்கக்கூட இடம் இருக்காது. வாளையார் வழியில் ஊருக்குத் திரும்பும் வண்டிகள். உங்கள் அட்டெம்ப்ட்டில் ஓணம் எந்தத் தேதியில் விழுகிறது என்று காலண்டரைப் பார்த்துவிட்டு மையத்தை எழுதுங்கள். பக்கத்தில் விழுந்தால், எந்த மையமானாலும், முதல் நாள் ராத்திரியே அந்த ஊரில் யார் வீட்டிலாவது தங்க ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள்.